சிவப்புக் கொம்பும் துருப்பிடிச்ச கம்பியும்

"ஆஆஆ...!"

அந்த அலறல்ல, மலைச் சரிவுல மேய்ஞ்சுக்கிட்டிருந்த அத்தனை செம்மறியும் தலையைத் தூக்கிப் பாத்துச்சு.

அலறினது யாரோ அழகான பொண்ணு இல்ல.

நான்தான்!

கையில டார்ச். நிக்கிற இடம் கல்லறை!

பாறையைக் குடைஞ்சு, செத்தவங்களுக்குன்னு யாரோ அஞ்சாயிரம் வருஷம் முன்னாடி செஞ்ச வீடு. தூண், விட்டம், திறக்கவே திறக்காத பொய்க் கதவு, எல்லாமே கல்லு. அந்தக் கதவுக்கு மேல ஒரு பலகைக்கல்லுல, செக்கச் செவேல்னு காவி பூசின காளைக் கொம்பு. போன மழையில அந்தப் பலகைக்கல் மட்டும் சுவர்லேர்ந்து கழண்டு விழுந்துச்சு. பழுது பாக்கத் தொல்லியல் ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் அதே இடத்துல நிறுத்தி வச்சிருந்தோம்.

இப்ப அதைத்தான் காணோம்!

சர்தீனியாவுல, இந்தக் குட்டி ஊர்ல, இந்தக் கல்லறைக்குச் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு நிலத்துக்காரர், என் முதலாளி அந்தியோகுகிட்ட. இன்னொண்ணு என் இடுப்புல. ஆட்டுல பால் கறக்கணும், வர்றவங்களுக்குக் கல்லறையைத் திறந்து காட்டணும். இதான் என் வேலை.

இந்த மாசம், இங்க தங்குறதுக்கான என் பெர்மிட்டைப் புதுப்பிக்கணும். திருட்டுக் கேஸ் விழுந்துச்சுன்னா... நேரா திருவாரூர்!

(இந்த இடத்தை மட்டும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க.)

கொஞ்ச நேரத்துல ஜீப் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் கோசிமு இறங்கினாரு. இந்த ஊர்க்காரரு. மீசையே பாதி முகம்.

"யாருப்பா கத்துனது? போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுச்சு!"

"நான்தான் சார்..."

"இவன்தான் சார்!" பின்னாடியே முதலாளி ஓடி வந்தாரு. "டேய் மாரியோ! சொந்தப் புள்ள மாதிரி பாத்தேனேடா!"

என் பேரு இளமாறன். அது இங்க யாரு வாயிலயும் நுழையல. அதனால மாரியோ.

"மாமா, சத்தியமா நான் எடுக்கல!"

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"உங்ககிட்டயும்தானே இருக்கு?"

"எதுத்தா பேசுற?"

உடனே வாயை மூடிக்கிட்டேன். வீரம் அவ்வளவுதான்.

முதலாளி வீட்டு விருந்தாளி துல்லியோ முன்னாடி வந்தாரு. மிலான்லேர்ந்து வந்திருக்கிற பழம்பொருள் நிபுணர். வெள்ளைக்காரத் தொப்பி, பளபளன்னு ஷூ.

"வெளிநாட்டுப் பையன். கையில சாவி. இதுல விசாரிக்க என்ன இருக்கு இன்ஸ்பெக்டர்?"

கோசிமு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.

நான் பின்னால ஒரு அடி வச்சேன். கல்லறையோட முன் அறையில, மண் தரை மேல வைக்கோல் போட்டிருந்துச்சு. பேன்ட்ல ஏதோ சிக்கிச்சு. குனிஞ்சு பாத்தா...

மண்ணுக்குள்ளேர்ந்து ஒரு கம்பி!

நுனி வளைஞ்சு... துருப்பிடிச்சு...

"பாம்ம்ம்!"

அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். துல்லியோவைத் தள்ளிவிட்டேனாம். கல் சுவரைத் தாண்டினேனாம். ஆடு தண்ணி குடிக்கிற தொட்டிக்குள்ள குதிச்சேனாம். நான் கண்ணைத் தொறந்தப்ப, ஒரு கிடா என் காதை நக்கிக்கிட்டிருந்துச்சு.

கோசிமு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

"பாம் இல்லடா பயந்தாங்கொள்ளி! எங்க தாத்தா காலத்துல திருட்டுச் சாராயம் காய்ச்சி மண்ணுல புதைப்பாங்க. இடம் மறந்துடக் கூடாதுன்னு ஒரு கம்பியைக் கட்டி, நுனியை வெளிய நீட்டி விடுவாங்க!"

"சாராயமா சார்?"

"தோண்டிப் பாப்போம்."

தோண்டினாங்க.

பாட்டில் வரல.

ஆட்டுத்தோல்ல சுத்தின பலகைக்கல்! அதுல செக்கச் செவேல்னு காளைக் கொம்பு!

"பாத்தீங்களா!" முதலாளி துள்ளினாரு. "இவன்தான் புதைச்சு வச்சிருக்கான்! விலங்கை மாட்டுங்க சார்!"

எனக்குத் தொட்டியிலேர்ந்து எந்திரிக்கவே தோணல.

கோசிமு மீசையைத் தடவினாரு.

"அந்தியோகு, புதைச்சவன் எதுக்குய்யா அந்தக் கம்பியைப் பாத்து தண்ணித் தொட்டியில குதிக்கிறான்?"

முதலாளி துள்ளுறதை நிறுத்தினாரு.

என் பயம் என்னைக் காப்பாத்திடுச்சு! வாழ்க்கையில முதல் தடவையா!

"கம்பி நீட்டிப் புதைக்கிறது மிலான்காரருக்கும் தெரியாது. இது நம்ம ஊர்க் கை." கோசிமு கம்பி நுனியைத் திருப்பினாரு. "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வளைவு உண்டு. இது ரெட்டைச் சுழி. உன் வீட்டு வளைவு இல்ல அந்தியோகு... உன் மாமனார் வீட்டு வளைவு!"

"ஆமா. நான்தான் புதைச்சேன்!"

எல்லாரும் திரும்பினோம். முதலாளியோட சம்சாரம், முந்திகா அத்தை! முழங்கை வரைக்கும் பாலாடைக்கட்டித் தண்ணி சொட்டுது.

"நேத்து சாயங்காலம் இவரு கோட்டுலேர்ந்து சாவியை எடுத்தேன். முழுசா வளந்த கிடாவையே தோள்ல தூக்குறவ நான், இந்தக் கல்லு எம்மாத்திரம்?"

"ஏய்... உனக்கென்ன பைத்தியமா?" முதலாளி குரல் கீச்சுன்னுச்சு.

"நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டேன்யா! இன்னிக்கு இந்தத் தொப்பிக்காரன் கொம்பைக் கொண்டு போயிடுவான், பழி மாரியோ மேலன்னு. கட்டின புருஷனைக் காட்டிக்குடுக்க மனசு வரல. கல்லை ஒளிச்சாப் போதும்னு நெனச்சேன். கல்லு உங்க கைக்கு வராதப்பவும் பையன் மேல பழி போட்டியே... வெக்கமா இல்ல?"

துல்லியோ மெதுவா காரைப் பாத்து நழுவினாரு.

"டிக்கியைத் தொறங்க சார்," கோசிமு சொன்னாரு.

தொறந்தா, பெரிய மரப்பெட்டி. உள்ள ஸ்பாஞ்ச். அது நடுவுல, அந்தப் பலகைக்கல்லுக்கே அளவெடுத்து வெட்டின குழி!

ரெண்டு பேரும் ஜீப்புல ஏறினாங்க. அத்தை என் தலையைத் தன் ஏப்ரனாலயே துவட்டிவிட்டு, "சட்டையை மாத்துடா, பால் கறக்க நேரமாச்சு"ன்னாங்க.

நான் கல்லறையைப் பூட்டப் போனேன். வைக்கோலைத் தள்ளினா... மூலையில இன்னொரு கம்பி!

இந்தத் தடவை கத்தல. நாலு பேர் எதிர்ல ஒரே நாள்ல ரெண்டு தடவை குளிக்க முடியாது.

"சார், இந்த வளைவு யாரு வீடு?"

கோசிமு சட்டுன்னு பூட்ஸ் காலை அது மேல வச்சாரு. காது சிவந்துச்சு.

"இதை நீ பாக்கல."

"பாக்கல சார். ஆனா... என் பெர்மிட்?"

"அதுக்கு நான் எழுதித் தர்றேன்," மீசைக்குள்ள சிரிச்சாரு. "உன்னை ஊருக்கு அனுப்பிட்டா, இந்தக் கல்லறைக்கு அலாரம் வேற வாங்கணும்ல!"