பக்கத்து சீட்டின் பிரேக்

இந்தப் பூமியில் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் கார் ஓட்ட வந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் மாஸ்டர். இதை மாஸ்டரே சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஸ்டீயரிங் தன் கையைத் தேடி வந்தது என்று, தன்னுடைய டிரைவிங் ஸ்கூலில் சேர வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பின் சீட்டைப் பற்றியும் அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. வண்டியில் முன்னால் உட்கார்ந்தால் மனுஷன், பின்னால் உட்கார்ந்தால் சாமான்.

அன்று காலை ஆறு மணிக்கு மாஸ்டரின் மனைவி ஃப்ளாஸ்கை மூடுவதற்குள் வாசலில் மூன்று ஹாரன் அடித்துவிட்டது. பள்ளிப் படிப்பை முடித்த மகளுக்குக் கல்லூரி பார்க்க, குடும்பமே கடற்கரைச் சாலையில் கிளம்புகிறது. பட்டியல் மாஸ்டர் போட்டது. மூன்று கல்லூரிகள், மூன்றிலும் வணிகவியல், மூன்றுக்கும் நல்ல உயரமான மதில். மகள் கேட்டது கப்பல் ஓட்டும் படிப்பு. அந்தக் கல்லூரியும் அதே சாலையில்தான் இருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம்கூட வந்திருந்தது.

மாஸ்டர் அந்தப் பேச்சைக் காரில் ஏறும்போதே முடித்துவிட்டார். பக்கத்து சீட்டில் உட்காரவே நடுங்குகிறவள் வயிற்றில் பிறந்த பெண் கப்பல் ஓட்டுமாம்... நாளைக்குக் கப்பல் மூழ்கினால் பேப்பரில் யார் பெயரைப் போடுவான் என்று கேட்டார். அவரோடு அதே வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "அவ அம்மா ரத்தம், தம்பி. நம்ம பக்கம் வந்திருந்தா வேற" என்றாள்.

மனைவிக்கு இதெல்லாம் பழக்கம். ஆனால் மகள் அவளைப் பார்த்த பார்வை பழக்கமில்லை. உன்னாலதான் எல்லாம் என்று அதில் இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதால் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் அங்கிருந்தே நிறுத்திவிடுவார். குடும்பமாகப் போகும்போது, தண்ணீர் எடுத்துக் கொடுக்க வசதியாக, மனைவி அங்கே உட்காருவாள். காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருடத்து உத்தரவு.

முதல் கல்லூரியில் மாஸ்டர் மதிலை மட்டும் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார். இரண்டாவதில் நூலகத்தின் சாவி வைத்திருந்தவர் லீவு. பூட்டைக் காட்டினார்கள், நல்ல பூட்டு.

பதினொன்றே முக்காலுக்குச் சாலை வளைந்தது. தென்னை மரங்களுக்கு மேலே ஒரு கொடிமரம் தெரிந்தது. கப்பல் கல்லூரி.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. குழந்தை உள்ள போயிட்டு வந்துடட்டும்."

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். நீ காலை உள்ள வை."

அவள் காலை வெளியே எடுத்தாள். கண்ணாடியில் பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள். பிரேக்கையும் கிளட்ச்சையும் அளவாக அழுத்தினாள். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல், கல்லூரி வாசலுக்குச் சற்று முன்னால் நின்றது. அவள் காலை எடுத்ததும் ஒருமுறை உதறி அணைந்தது.

அக்கா வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"யாரு பிரேக் போட்டது?" என்றார் மாஸ்டர். பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க."

"உனக்கு எப்படி..."

"உங்களுக்குக் கத்துக் கொடுத்ததே நான்தானேங்க."

அக்காதான் முதலில், தம்பி மேல் இப்படி ஒரு பழியா, வாய் கூசவில்லையா என்று ஆரம்பித்தாள். மனைவி குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவள் தன் அப்பாவின் பால் வேனை இரண்டு வருடம் ஓட்டியவள். கல்யாணமான முதல் வருடம், மூன்று மாதம், விடியற்காலையில் ஆளில்லாத மணல் ரோட்டில் இவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். டிரைவிங் ஸ்கூலுக்குப் போர்டு மாட்டிய அன்று இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மாஸ்டருக்கே பொண்டாட்டிதான் மாஸ்டர் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? எனக்கு வண்டியென்றாலே பயம் என்று சொல்லிவிடுங்கள் என்று அவளேதான் சொன்னாள்.

"மொதல்ல ஊருக்காகச் சொன்னாரு அண்ணி. அப்புறம் அவரே நம்பிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. பயந்தாங்கொள்ளிங்கிறது நானா வாங்கிக்கிட்ட பேரு, நானே சுமந்துட்டுப் போயிருப்பேன். அதை எம்பொண்ணு தலையில கட்டுனா... அது மட்டும் என்னால முடியாதுங்க."

கதை விடுகிறாள் என்றார் மாஸ்டர். சாவியைத் திருகினார். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி திருகினார். மறுபடி அணைந்தது. தொள்ளாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த காலுக்குக் கிளட்ச் பிடிபடவில்லை.

அவள் ரோட்டைப் பார்த்தபடியே, "அவசரப்படாதீங்க. பாதி கிளட்ச்சுல நிறுத்தி, வண்டி லேசா நடுங்குற வரைக்கும் இருங்க" என்றாள்.

"சரி டீச்சர்" என்றார் மாஸ்டர்.

அந்த மணல் ரோட்டில் கேலியாக ஆரம்பித்து, மூன்று மாதத்தில் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். இத்தனை வருடம் எங்கே இருந்ததோ. சொன்னவரே அதைக் கேட்டு வெலவெலத்துப் போனார்.

"தம்பி... இப்ப என்னடா சொன்ன?" என்றாள் அக்கா. வண்டி ஒழுங்காகக் கிளம்பி, இரண்டு அடி போய், கல்லூரி வாசலுக்குள் திரும்பியது.

மகள் பின்னாலிருந்து சீட்டோடு சேர்த்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சொல்லியிருக்கக் கூடாதாம்மா..."

"அப்புறமா அழலாம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு, ஓடு."

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். நேர்முகத் தேர்வில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூன்று பேர், வீட்டில் யாருக்காவது வண்டி எதுவும் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்களாம். அம்மாவுக்கு என்று சொன்னாளாம். இடம் கிடைத்துவிட்டது, பெற்றோர் கையெழுத்து வேண்டும். மாஸ்டர் படிவத்தை வாங்கி, மனைவியிடம் நீட்டினார். அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஒரு வார்த்தை திட்டிடு" என்றாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், திட்டவில்லை.

காரிடம் திரும்பியதும் மாஸ்டர் சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. போன முறை அவளுக்காக அதைப் புதுப்பிக்கும் மனுவை எழுதிக் கொடுத்ததே அவர்தான். அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து மகளை உட்கார வைத்தார்.

பிறகு பின்கதவைத் திறந்து, அக்காவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, இரண்டு பைகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.