அவன் அணைக்காத சூடம்

வில்லியனூர் பேருந்து நிறுத்தம். கொட்டுகிற மழை. சாராயக்கடைச் சுவரோரம் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அந்த இடத்தில் கிடப்பவன் யார் என்று ஊர் கேட்காது. குடிகாரன் என்று முடிவே கட்டிவிடும்.

இளவரசியும் கேட்கவில்லை. திருபுவனை கம்பெனியில் நாளெல்லாம் நின்று கால் கடுத்து வந்தவள். பாட்டில் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள்.

"எந்திரிய்யா! பொம்பளைங்க நிக்கற எடத்துல இன்னா கூத்து இது?"

"மழ பெய்யறது பத்தலன்னு... நீ வேற ஊத்தறியா?"

நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்கள்... சிவக்கவில்லை. வலிதான் தெரிந்தது. குனிந்தாள். சாராய வாடை இல்லை, சோப்பு வாடை. அவளுக்கு முகம் சுட்டது. அவளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

தேறியதும் அதே நிறுத்தத்துக்கு வந்தான். பாகூர் அரிகரன். கையில் தண்ணீர் பாட்டில்.

"இந்தா. இன்னும் ஊத்தணும்னா ஊத்து."

"அன்னிக்கி தெரியாம..."

"தெரியாமத்தான் எல்லாரும் ஊத்தறாங்க."

நோவு கணையத்தில் என்றான். சோற்றைச் செரிக்க வைக்கும் நீர் அங்கே ஊறுகிறது. குடலுக்குப் போன பிறகுதான் அது வேலையைத் தொடங்க வேண்டும். இவனுக்குப் பிறவியிலேயே மரபணு ஒன்று மாறிப்போனதால் கணையத்திலேயே தொடங்கி அதையே அரிக்கிறது. ரத்தச் சோதனையில் சொல்லிவிட்டார்கள்.

"எங்கப்பாவுக்கும் இதே வலி. ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிக்கறவனுக்குத்தான் இந்த வலி வரும்னு ஊரு குடிகாரன்னுச்சி. சூடம் அணைச்சி சத்தியம் பண்ணாரு. அப்பவும் நம்பல. அந்தப் பேரோடயே செத்தாரு."

அன்றைக்கு எத்தனை பஸ் போனதோ... இருவரும் ஏறவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான்.

ஆடி கழிந்ததும் பெண் கேட்டுச் செல்லிப்பட்டுக்கு வந்தான். அவள் அப்பா பக்கிரி கரும்பு போடுகிறவர். சொம்பில் தண்ணீர் வைத்தார். தட்டில் சூடத்தையும் ஏற்றி வைத்தார்.

"பாகூர்ல விசாரிச்சேன். குடிகாரன் புள்ளன்றாங்க. தொடறதில்லன்னு இத அணைச்சி சத்தியம் பண்ணு. பொண்ணு உனக்குத்தான்."

சூடத்தின் மேல் ஒரு அறை. அவ்வளவுதான். அறைந்தால் இளவரசி அவனுக்கு.

அரிகரன் கையைக் கட்டிக்கொண்டான்.

"மாட்டேன் மாமா."

"அப்ப குடிப்பே?"

"குடிக்க மாட்டேன். சத்தியமும் பண்ண மாட்டேன். எங்கப்பா பண்ணது போதும். நோவு வந்ததுக்கு நான் ஏன் திருடனாட்டம் கைய சுட்டுக்கணும்?"

"அப்ப நடையக் கட்டு!"

வாசலில் நின்று அவளைப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லிட்றேன் இளவரசி. இது அப்பா வழியில வந்தது. நமக்குப் பொறக்கற புள்ளைக்கும் வரலாம், பாதிக்குப் பாதி. மறைச்சிக் கட்டிக்க மாட்டேன்."

கெட்டதைச் சொல்லும்போதும் 'நமக்கு' என்கிறானே... பாவி!

இளவரசி தட்டருகே வந்தாள். எரிகிற சூடத்தின் மேல் பளீரென்று அறைந்தாள். அணைந்தது.

"இன்னாடி பண்ற?"

"சத்தியம்பா. கட்டனா இவரத்தான். உன் சூடம், உன் தட்டு. இனிமே மாத்த முடியாது."

அவன் பக்கம் திரும்பினாள்.

"புள்ளைக்கு வந்தா வைத்தியம் பாப்போம். எவனாவது குடிகாரன் புள்ளன்னு சொல்லட்டும்... ஆத்துத் தண்ணியே பத்தாது, அவன் தலையில ஊத்த!"

பக்கிரி கருகிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிகரன் அந்தச் சொம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் மெல்ல ஊற்றினான்.

"இப்ப நான் ஊத்தறேன்... எரியுதா?"

"எரியுது," என்றாள், அப்பா காதில் விழ. "உன்னத்தான்யா புடிச்சிருக்கு."