இன்ஜினுக்குள் வெள்ளைச் சேறு

அய்யாக்கண்ணுவின் பிணம் குப்புற மிதந்தது.

அரியலூரை ஒட்டிய பழைய சுண்ணாம்புக்கல் குழி. புரட்டிப் போட்டபோது தலைமுடியெல்லாம் வெள்ளைச் சேறு. குடித்துவிட்டுக் கால் தவறினார் என்று கேஸை முடித்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, 2004 ஜூலையில், அவருடைய சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வந்தது. விற்பவன் தம்பி கொளஞ்சியப்பன், குவாரி முதலாளி. வாங்க வந்தவர் துபாயிலிருந்து திரும்பிய லப்பைக்குடிகாட்டுக்காரர் அஸ்லாம். இன்ஜினைப் பார்த்துச் சொல்ல பெரம்பலூர் மெக்கானிக் வேம்புவை அழைத்து வந்திருந்தார்.

"பொம்பளையா பாக்கப் போவுது?" கொளஞ்சியப்பன் சிரித்தான்.

"இன்ஜினுக்கு அது தெரியாதுங்க."

வேம்பு, குவாரி ஷெட்டில் நின்ற காரின் பானெட்டைத் தூக்கி இன்ஜின் மேல் கை வைத்தாள்.

சூடு.

"நாங்க வர்றதுக்கு முந்தியே ஓட்டி வச்சிருக்கீங்க. ஆறிப்போனா ஸ்டார்ட் ஆவாதோ?"

கொளஞ்சியப்பன் ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜை வைத்தாள். அஸ்லாம் ஸ்டார்ட்டரைச் சுழற்றினார். மூன்றாவது சிலிண்டரில் முள் பாதிகூட ஏறவில்லை. ஆயிலோ புத்தம் புதிது. அடியில் படுத்து ஆயிலை வடித்தாள். துளைக்குள் விரலை விட்டாள்.

விரல் வெள்ளைச் சேறாக வந்தது...

பிணத்தைப் புரட்டிய அன்று குழிக்கரைக் கூட்டத்தில் அவளும் நின்றிருந்தாள்; இதே சேறுதான் அந்தத் தலைமுடியில்.

எழுந்தாள்.

"தண்ணி பூந்திருக்கு."

"ஷெட்டு ஒழுவுது. மழைத்தண்ணி."

"அப்ப வெளியில எங்கயும் போவல?"

"அண்ணன் சாவறதுக்கு முந்தியிருந்தே இங்கதான் நிக்குது. சாவி என்கிட்ட."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பாய் நம்பி வாங்குவாரு."

எழுதிக் கொடுத்தான். அஸ்லாம் மடித்துப் பையில் வைத்தார்.

"இப்ப சொல்றேன் பாய். இது மழைத்தண்ணி இல்ல, குழிச் சேறு. காரோட சேத்துத்தான் அவரத் தள்ளியிருக்கான். அப்புறமா காரை மட்டும் தூக்கிக் கழுவிட்டான். சாவி வேற யார்கிட்டயும் இல்லன்னு இவனே எழுதிக் குடுத்துட்டான்."

கொளஞ்சியப்பன் பக்கத்தில் கிடந்த ஜாக்கியின் இரும்பு ஹேண்டிலை எடுத்து ஓங்கினான்.

"உசுரோட போவ மாட்ட."

வேம்பு ஓர் அடிகூட நகரவில்லை.

"அடி. ஆளுக்கொரு குழி எத்தினி வெட்டுவ?"

அஸ்லாம் செல்போனில் போலீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் வாசலைப் பார்த்துத் தன் ஆட்களை அழைத்தான்.

"இவங்களப் புடிங்கடா."

யாரும் அசையவில்லை. கிரேன் டிரைவர் மட்டும் முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடுங்கினார்.

"குழியிலேருந்து காரைத் தூக்குனது நாந்தாங்க. அது உள்ள போனப்ப அதுல அண்ணன் இருந்தாருன்னு இவரு சொல்லல."

போலீஸ் ஜீப் கொளஞ்சியப்பனை ஏற்றிப் போனது. அஸ்லாம் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இன்ஜின் எப்படித்தாம்மா இருக்கு?"

"ரொம்ப நாள் ஓடாது பாய். ஆனா நல்லா பேசுது."