வேலிக்கு வெளியே முப்பத்தொன்று

காலை 7.10. மொஹாவி பாலைவனம், ஜூன் மாதம். ராக்கெட் சோதனைத் தளத்தின் வேலிக்கு வெளியே ஆமை கிடந்தது. ஓட்டில் வனவிலங்குத் துறை ஒட்டிய எண் 31. கழுத்து மண்ணில் துவண்டு கிடந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன் அது உள்ளே, எஞ்சின் மேடைக்கு அருகே இருந்தது. வாசல் காவலர் ரூஃபஸ் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தார். ஆமை தானாக மேடையை விட்டு விலகும்வரை எஞ்சினை எரிக்கக் கூடாது. சட்டம் பாதுகாக்கும் இனம்; உரிமம் இல்லாதவர் அதைத் தொட்டால் சிறை.

8.20. வனவிலங்கு அதிகாரி டோலோரஸ் வந்தபோது மூன்று பேர் காத்திருந்தார்கள். ரூஃபஸ். தண்ணீர் லாரி ஓட்டும் பேர்ல். சோதனைப் பொறுப்பாளர் நோலன். ரூஃபஸின் அடையாள அட்டை நோலன் கையில் இருந்தது.

"வேலியில ஓட்டை கிடையாது. கேட் சாவி இவர்கிட்டதான். இன்னியோட கிளம்பட்டும்," என்றான் நோலன். மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை அணிந்திருந்தான்.

"பதினோரு வருஷம்," என்றார் ரூஃபஸ்.

டோலோரஸ் கையுறை மாட்டி ஆமையை எடை பார்த்தாள். போன வாரம் 2.9 கிலோ. இப்போது 2.5.

"யாரோ தூக்கியிருக்காங்க. பயந்தா ஆமை உடம்புல சேத்து வச்ச தண்ணிய மூத்திரமா விட்டுரும். கேட்டைத் திறந்தது எப்பெப்ப?"

"ஆறரைக்கு நோலன் வண்டியில வெளிய போனாரு, வானிலைக் கருவி பாக்கணும்னு," என்றார் ரூஃபஸ். " இருபது நிமிஷத்துல வந்துட்டாரு. அப்புறம் பேர்ல் வெளிய போனா."

"வண்டிக்கு அடியில?"

"பாக்காம விடுவேனா? ஆமை நிழலுக்கு அங்கதான் ஒதுங்கும். வெளிய போறப்ப ஓட்டுறவங்களும் மண்டி போட்டுப் பாத்தாத்தான் கேட்டைத் திறப்பேன்."

"சர்ச்சுல கூட நான் இத்தனை தடவை மண்டி போட்டதில்ல," என்றாள் பேர்ல். முழங்காலைத் தட்டினாள். வெள்ளைத் தடம் போகவில்லை. ரூஃபஸின் முழங்காலிலும் அதே தடம்.

"நோலனும் போட்டாரா?"

"முனகிக்கிட்டே போட்டாரு."

"போட்டேன். அடியில ஒண்ணுமில்ல," என்றான் நோலன். "மணி 8.40 மேடம். ஒன்பதுக்கு எஞ்சின். எனக்கு வேலை கிடக்கு."

"ஒரே கேள்வி. இந்தச் சுண்ணாம்பு மண்ணு துவைச்சாத்தான் போகும். காலைல மண்டி போட்ட கால்சட்டை எங்க?"

நோலன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான்.

பேர்ல் அதற்குள் அவன் வண்டிக் கதவைத் திறந்திருந்தாள். இருக்கைக்குப் பின்னால் சுருட்டிய கால்சட்டை. முழங்காலில் மண். மடியில் ஈரம், வெள்ளைப் பிசுக்கு.

"வெளிய கொண்டு போய் இறக்கும்போது மடியிலயே விட்டிருச்சு," என்றாள் டோலோரஸ். "மாத்தியே ஆகணும். மாத்துனதுல முழங்காலை மறந்துட்டீங்க."

"அடியில பாத்தேன்," என்றார் ரூஃபஸ் மெதுவாக. "வண்டிக்குள்ள பாக்கல."

"மூணு தடவை தள்ளிப் போன சோதனை," என்றான் நோலன். "நான் அதைக் கொல்லலையே. வெளிய விட்டேன், அவ்வளவுதான்."

"குடிச்ச தண்ணி போச்சு. அடுத்த மழை எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

ஒன்பது மணிக்கு எஞ்சின் எரியவில்லை. டோலோரஸ் ஆமையைத் தளத்துக்குள் கொண்டுபோய், தொட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வைத்தாள். 9.25க்குக் கழுத்து அசைந்தது. வாய் தண்ணீரில் பட்டது. தொண்டை ஏறி இறங்கியது.

தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ரூஃபஸ் வழியை மறித்து நின்றார். சட்டையில் அடையாள அட்டை தொங்கியது.

"மண்டி போடுங்க மேடம்."

போட்டாள். பார்த்தாள். எழுந்தாள்.

"கதவையும் திறங்க. உள்ளயும் பாக்கணும்."