அம்மா விளையாடிய ஸ்டாச்சு

கயலின் வீட்டில் அப்பாவுக்குப் பெயர் மீசை.

அது வாயால் சொல்கிற பெயர் இல்லை, கையால் சொல்கிற பெயர். உதட்டுக்கு மேல் இரண்டு விரல்களை வைத்து முறுக்கினால் அப்பா. கன்னத்தில் ஒரு விரலை வைத்தால், கன்னத்தில் குழி விழும் கயல். தொந்தியைத் தடவிக் காட்டினால் ராக்கையா பெரியப்பா. பெரியப்பாவுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது.

கயலின் அம்மா பவுனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. அதனால் அந்த வீட்டில் பேச்செல்லாம் கையில்தான். சண்டையும் கையில்தான். அம்மாவுக்குக் கோபம் வந்தால், வளையல் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அப்பா சுருளிவேல் மலேசியாவுக்குப் பரோட்டா மாஸ்டராகப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியப்பாவின் பட்டன் செல்போனுக்குக் கூப்பிடுவார். அதில் குரல் மட்டும்தான் வரும். பெரியப்பா பேசுவார். கயல் பேசுவாள். மறுபடியும் பெரியப்பா பேசுவார். போன் அம்மாவைத் தாண்டித் தாண்டிப் போகும். அம்மா, பேசுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு சேதி சொன்னார்.

"அண்ணே, ஓட்டல் முதலாளி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாரு. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"இருந்துட்டு வா தம்பி. நம்மூருத் திராட்சைக்கு இந்த வருஷம் விலையே இல்லை. இங்கன வந்து என்ன செய்யப் போற?" என்றார் பெரியப்பா.

கயல் அதை அம்மாவுக்குக் கையால் சொன்னாள். அம்மாவின் கைகள் கொஞ்ச நேரம் மடியிலேயே கிடந்தன. பிறகு மெல்ல எழுந்தன.

'என்னை யாருமே கேட்கலையே?'

'நான் சொல்றேன்மா. அடுத்த வாரம் போன்ல சொல்லிடுறேன்' என்று கயலின் கைகள் அவசரமாகச் சொன்னன.

அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். 'நானே சொல்லணும்.'

காது கேட்காதவர் போனில் எப்படிச் சொல்வது? கயல் பள்ளிக்கூடத்திலும் அதையே யோசித்தாள். கணக்கு டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டது அவளுக்குக் காதில் விழவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பெரியப்பாவோடு ஓடைப்பட்டியிலிருந்து சின்னமனூருக்குப் போனாள். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'வெப் கேமரா உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசலாம்.'

"பெரியப்பா, இங்கன பாருங்க! பார்த்துப் பேசலாமாம்!"

"போன்லதான் பேசுறோமே, ஆத்தா."

"நாம பேசுறோம். அம்மா?"

பெரியப்பா பலகையை இன்னொரு முறை படித்தார். அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேயும் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டார். பெரியப்பா சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூட விடாமல் போட்டுக்கொண்டார்.

பிரவுசிங் சென்டரை நடத்திய ஜோஷ்வா மூன்று நாற்காலிகளை நெருக்கிப் போட்டார். கம்ப்யூட்டரின் தலைமேல் முட்டைக்கண் மாதிரி ஒரு சின்ன கேமரா உட்கார்ந்திருந்தது.

"அசையாம உட்காருங்க. அப்பத்தான் படம் தெளிவா வரும்."

பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஜோஷ்வாவிடம் உதடு அசையாமல் கேட்டார். "போட்டோ எப்ப கைக்கு வரும், தம்பி?"

"ஐயா, இது போட்டோ இல்லை!"

அதற்குள் திரையில் ஒரு முகம் வந்துவிட்டது. அப்பா!

அம்மா இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டார். உடனே கண்களைச் சுருக்கினார். இரண்டு விரல்களால் மீசையை முறுக்கிக் காட்டி, கையை விரித்தார். 'மீசை எங்கே?'

கயல் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அப்பா சிரிப்பது கேட்டது. "எடுக்கச் சொல்லிட்டாக ஆத்தா. மாவுல முடி விழுந்துருமாம்."

அம்மா பேச ஆரம்பித்தார். வளையல்கள் குலுங்கின. இரண்டு வருஷப் பேச்சல்லவா? கைகள் பறந்தன.

அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். "கயலு, அம்மா முகம் மட்டுந்தான் தெரியுது. கையே தெரியலை."

கயல் அம்மாவின் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். இப்போது கைகள் தெரிந்தன. ஆனால் அப்பா நெற்றியைத் தேய்த்தார். "கையி ஒரே புகையாத் தெரியுதே! படம் விட்டு விட்டு வருது. ஒண்ணும் புரியலை. அம்மா என்ன சொல்றா? நீயே சொல்லு ஆத்தா."

கயல் அதைச் சொன்னதும் ஜோஷ்வா உதட்டைப் பிதுக்கினார். "நம்ம நெட்டு வேகம் அவ்வளவுதான் பாப்பா."

"அப்ப நீயே சொல்லிரு" என்றார் பெரியப்பா.

அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முகத்திலேயே தெரிந்துவிட்டது. பறந்த கைகள் மடியில் இறங்கின. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

கயல் திரையைப் பார்த்தாள். மூலையில் ஒரு குட்டிக் கட்டத்தில் அவர்கள் மூவரும் தெரிந்தார்கள். அம்மாவின் கைகள் இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் புகை. ஆனால் பெரியப்பா? கழுத்துப் பட்டன் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தார். அவர்தான் அசையவே இல்லையே!

"ஸ்டாச்சு!" என்று கத்தினாள் கயல்.

அம்மாவின் முன்னால் குதித்து, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நின்றாள். தெருவில் பிள்ளைகள் தினமும் விளையாடுவதை அம்மா பார்த்திருக்கிறார். கயலின் கைகள் சொன்னன. 'ஒண்ணு சொல்லுங்க. அப்படியே நில்லுங்க. அப்புறம் அடுத்தது.'

அம்மா மறுபடியும் உட்கார்ந்தார். மீசையை முறுக்கினார். விரலை எடுக்காமல் அப்படியே நிறுத்தினார்.

"நான்!" என்றார் அப்பா.

அம்மா தரையைக் காட்டினார். நிறுத்தினார்.

"அங்கன!"

அம்மா, துணி உதறுவதுபோல் இரண்டு கைகளையும் காற்றில் வீசி நிறுத்தினார்.

"பரோட்டா!" என்று கத்தியவர் பெரியப்பா. விறைப்பாக உட்கார வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது.

அம்மா தன் நெஞ்சைத் தொட்டார். கரண்டியால் கிண்டுவதுபோல் காட்டினார். நிறுத்தினார்.

அப்பாவின் குரல் இறங்கிப்போனது. "நான் ஊருல பரோட்டா போடணும். நீ சால்னா வைக்கப் போற. அப்படித்தானே? இதை இத்தனை நாள் மனசுலயே வச்சிருந்தியா?" பிறகு, "கயலு, இன்னும் என்ன சொல்றா?" என்றார்.

"அம்மாவையே பாருங்கப்பா" என்றாள் கயல். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள்.

 பெரியப்பா எழுந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். கேமராவைப் பார்த்துத் தன் தொந்தியைத் தானே தடவினார். ஒரு விரலைக் காட்டினார். வாயில் ஒரு கவளம் போடுவதுபோல் வைத்து, சிலையாக நின்றார்.

முதல் பரோட்டா தொந்திக்கு!

அம்மா சத்தம் போட்டுச் சிரித்தார்.

அப்போது திரையில் அப்பா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அப்படியே நின்றுபோனார். அசையவே இல்லை.

"அடடா, ஹேங் ஆயிருச்சு!" ஜோஷ்வா ஓடிவந்து சுவிட்சில் கை வைக்கப் போனார்.

கயல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, தொடாதீக! கண்ணைப் பாருங்க, சிமிட்டுது. அப்பா ஸ்டாச்சு! அது ஏரோபிளேன்!"

விரித்த கைகளோடு, தரை இறங்குகிற விமானமாக அப்பா நின்றுகொண்டிருந்தார்.  கைகளை இறக்கவே இல்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உதட்டுக்கு மேல் இரண்டு விரல்களை வைத்தார். மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை எச்சரிக்கையாக உயர்த்தினார்.

'மீசையோடு வா.'

அப்பா தலையாட்டும்வரை அம்மா அசையவே இல்லை.