பூஜ்ஜியம் காட்டிய அறை

இருநூற்று எழுபத்திரண்டு மணி நேரமாக அந்த மிஷின் பூஜ்ஜியத்தைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

ஜோயா அந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். பதினோரு நாளைக்கு முன்னால், காலை ஒன்பதரைக்கு, அதை முதன்முதலாக ஆன் செய்தவள் அவள்தான். வேங்கிக்கால் கிராமத்தைத் தாண்டி இருக்கும் ஷூ கம்பெனி அது. அடிப்பாகம் ஒட்டும் அறையில் பசையிலிருந்து கிளம்பும் ஆவி எவ்வளவு காற்றில் கலந்திருக்கிறது என்று அளப்பதற்காக வாங்கிய கைக்கருவி. கெமிஸ்ட்ரி படித்த பெண் என்று அவளிடம் கொடுத்தார்கள். அளவு மீறினால் அலறும். அறையின் காற்றுக்கு அது ஒருநாளும் அலறவில்லை. அந்த முதல் காலையில் நடந்த ஒன்றை மட்டும் அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அறைக்கு நான்கு ஜன்னல்கள். ரோட்டுப் புழுதி ஈரப் பசையில் ஒட்டிவிடும் என்று நான்கையும் சாத்தியே வைத்திருந்தார்கள். உள்ளே இருபத்திரண்டு பெண்கள் பிரஷ்ஷைத் தோய்த்துத் தோய்த்துத் தடவும் சர்சர் சத்தமும், மேலே ஒற்றை எக்ஸாஸ்ட் ஃபேன் சளி கட்டியவன் இருமுவதுபோல் விட்டுவிட்டுச் சுற்றும் சத்தமும் காதை விட்டு இறங்காமல் நாளெல்லாம் கூடவே இருக்க, ட்யூப்லைட்டுக்குக் கீழே காற்று மட்டும் கானல்போல் நெளிந்துகொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று வாசலிலேயே அவளைப் பின்னுக்குத் தள்ளிய அந்தத் தித்திப்பான பெட்ரோல் வாடை மூன்றாம் நாளே காணாமல் போயிருந்தது. வீட்டில் மட்டும் அவளைப் பெற்ற அம்மி, அவள் துப்பட்டாவைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம், பஞ்சர் கடையில் வேலை பார்க்கிறாயா என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்று படித்தவளுக்குத் தெரியாதா. அதற்குத்தானே மிஷின்.

சாயங்காலம் ஐந்தரை. நடைவழியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது.

"அருணாக்கா, உங்க செருப்பு."

ஏழு மாதமாகப் பசை தடவும் அருணாதேவி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பாத்ரூமிலிருந்து இருபதடி, ஒரு கால் வெறுங்காலாகவே நடந்து வந்திருக்கிறாள்.

"அட, எப்ப கழண்டுச்சு?" என்று சிரித்தாள். "கால் மரக்கட்ட மாதிரி இருக்குது பாப்பா."

"டாக்டர்கிட்ட காட்டலையாக்கா?"

"நீதானே காத்துல ஒண்ணுமில்லன்ன? பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லி எழுதின லெட்டரக்கூட கிழிச்சுப் போட்டுட்டேன். இங்கதான் கூலி ஜாஸ்தி."

பக்கத்து மேசை ரேவதி, "மேடத்த விடுக்கா. அவங்க போய் இன்னொரு முட்டை எழுதணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜோயா வாயைத் திறந்தாள். சூப்பர்வைசர் புகழேந்தி அந்தப் பக்கம் வந்தார். மூடிக்கொண்டாள்.

கருவியை ஒரு திறந்த பசை டப்பாவின் வாயில் பிடித்தாள். எண் எகிறியது. அலறல் சுவரில் மோதித் திரும்பியது. கையை இழுத்ததும் மறுபடி பூஜ்ஜியம். மிஷின் செத்துப்போகவில்லை. அது உயிரோடு இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

யாரும் கேள்வி கேட்காத இடம் மொட்டை மாடி. படியேறினாள். மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தூரத்தில் பஸ் ஹாரன். கருவியை உயர்த்திப் பிடித்தாள்.

பூஜ்ஜியம் அசைந்தது. கீழ்நோக்கி.

கழித்தல் நாற்பது. கழித்தல் நூற்றுத் தொண்ணூறு. கழித்தல் முந்நூற்றுப் பத்து. அங்கே நின்றுவிட்டது.

சுத்தமான காற்றே கழித்தல் முந்நூற்றுப் பத்து என்றால், கீழே இருக்கும் பூஜ்ஜியம்...

அதற்கு மேல் நினைக்கவில்லை. இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

கதவைத் தள்ளியபோது அருணாதேவி ரேவதியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கால் தள்ளாடாமலிருக்க இடது கையை ஊன்றியிருந்தாள். ஷூ அடியைச் சூடாக்கும் இரும்புத் தகட்டின் மேல்.

விரல்களுக்கு நடுவே புகை. மெல்லிசாக.

ஜோயாவுக்கு எந்த வாடையும் வரவில்லை. அங்கே யாருக்கும் வரவில்லை.

"அக்கா! கை!"

"என்ன பாப்பா?"

ஜோயா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். தோலில் கொஞ்சம் தகட்டிலேயே தங்கியது.

அருணாதேவி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"வலிக்கலையே" என்றாள்.

புகழேந்தி ஓடி வந்தார். "எப்படிம்மா இது? காத்துதான் சுத்தமா இருக்குதே! மிஷின் ஜீரோதானே காட்டுது?"

பிரஷ் சத்தம் நின்றது. ஒருத்தி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்தவள் பார்த்தாள். அடுத்தவள். கடைசி மேசையில் ஒருத்தி, கட்டைவிரலில் தலைவரை இறங்கியிருந்த ஷூ ஆணியை நகத்தால் நெம்பி, மெதுவாக உருவி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகம் சுருங்கவில்லை. அடுத்த விரலைத் தடவத் தொடங்கினாள்.

ஜோயாவுக்குத் தன் குரலே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"அது ஜீரோ இல்ல சார். வெளிய, சுத்தமான காத்துல வச்சுத்தான் ஜீரோ செட் பண்ணணும். கேட்டைத் தாண்டி வெளிய போக உங்ககிட்ட சீட்டு வாங்கணும். நீங்க ஃபோன் பேசிட்டு இருந்தீங்க. கேக்க பயமா இருந்துச்சு. மாடிக்குப் போலாம்னு அப்ப தோணல. அதனால இந்த ரூம்லயே, இவங்க மூச்சு விடற இந்தக் காத்துலயே வச்சு செட் பண்ணிட்டேன்."