கீழே ஆள் இருக்கா?

நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்குக் கான்கிரீட் மூடி போட்டு, அதன் மேல் சாலையை ஓட்டிவிட்டார்கள். இப்போது மூடியை உடைத்து ஆற்றை வெளியே விடவேண்டுமாம். அன்று மூடியது மேஸ்திரியின் அப்பா. திறக்க வந்தது மேஸ்திரி. துளைக்கும் மெஷினைப் பிடித்தவன் அவருடைய மச்சினன்.

உடைக்குமுன்னும் மூடுமுன்னும் கடப்பாரையால் மூன்று தட்டு தட்டவேண்டும் என்பது இந்த வேலையில் பழைய சட்டம். கீழே ஆள் இருந்தால் பதிலுக்கு மூன்று வரும். மேஸ்திரி மட்டும் மூன்றோடு நிறுத்தமாட்டார். கடைசியில் செல்லமாக ஒரு சின்னத் தட்டும் போடுவார். ராசியாம்.

அன்று மதியம் மச்சினன் தட்டினான்.

கீழிருந்து மூன்று வந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். வேலைக்கு வந்த ஏழு பேரும் மேலேதான் நின்றார்கள்.

"மாமா, வேணாம். கீழ யாரோ இருக்காங்க."

மேஸ்திரி எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆள். "எங்கப்பா மூடினப்புறம் ஈ எறும்புகூட உள்ள போனதில்ல. அது எதிரொலி மாப்ள. நீ உடை."

ஒரு சாண் அகலத்துக்குத் துளை விழுந்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மேஸ்திரி குப்புறப் படுத்து, டார்ச் பிடித்த கையை உள்ளே விட்டார்.

கை திரும்பி வரவில்லை.

"யாரோ பிடிக்கிறாங்கடா" என்றார், ரகசியம் சொல்வதுபோல்.

அடுத்த இழுப்பில் அவர் தோள்மூட்டு கழன்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மச்சினன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மற்றவர்கள் கால்களைப் பிடித்தார்கள். கான்கிரீட்டில் தேய்ந்து கன்னத்துத் தோல் உரிந்தது. ஒரு சாண் ஓட்டைக்குள் முழு மனுஷன் போகமுடியாது. ஆனால் அவர் போனார். விலா ஒவ்வொன்றாக முறிய, இடுப்பு நொறுங்க, மச்சினன் கையில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போனார்.

அவன் வெறிபிடித்தவன்போல் மூடியையே உடைத்துத் தள்ளினான். கீழே கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். ஆளில்லை. உடைந்த துண்டுகளின் அடிப்பக்கமெல்லாம் கல்லால் இடித்த குழிகள், மும்மூன்றாக. மாமாவின் அப்பா அன்றைக்குப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மூடியிருக்கிறார்.

இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆறும் வேண்டாம், வம்பும் வேண்டாம், திரும்ப மூடிவிடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. இரும்புத் தகடு பரப்பினார்கள். கலவை லாரி வந்து நின்றது. மேஸ்திரியின் மனைவி, அவனுடைய அக்கா, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கடப்பாரையை எடுத்துத் தட்டினான்.

மூன்று வந்தது.

பிறகு, செல்லமாக ஒன்று.

"நிறுத்துங்க சார். எங்க மாமா கீழ இருக்காரு."

"எதிரொலிப்பா" என்றார் இன்ஜினியர். லாரிக்காரனுக்குக் கையைக் காட்டினார்.

சாலையில் மறுபடி பஸ் ஓடுகிறது. தட்டுச் சத்தம் இப்போது அக்கா வீட்டுக் குளியலறைத் தரைக்கடியில் கேட்கிறது. மூன்று, அப்புறம் சின்னதாக ஒன்று.

நேற்று அக்கா அவனைக் கூப்பிட்டு, மெஷினைக் கொண்டுவரச் சொன்னாள்.